தையல் மேல் ஒரு பட்டை

2020-இல், கொரோனா காலத்தில், மருத்துவமனைகளில் பார்த்துப் பழகிய அந்த வெள்ளை முழு உடல் கவசத்தை எப்போது நினைத்தாலும், என் கண் அதன் தையலில்தான் போய் நிற்கிறது.

துணி எவ்வளவு உறுதியானாலும், ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டைதான். கிருமி கலந்த ரத்தம் கசிய அது போதும். அதனால் தைத்து முடித்ததும் தையல் நெடுக ஒரு மெல்லிய பட்டையைச் சூடான காற்றில் இளக்கி ஒட்டுகிறார்கள். தொடையிடுக்கில், நான்கு தையல்கள் கூடும் இடத்தில், பட்டை சுருங்காமல் படிந்திருந்தால் தேர்ந்த கை என்று தெரிந்துகொள்ளலாம். ஜிப்பையும் ஒரு மடிப்பு மூடிக்கொள்கிறது.

அந்த ஆண்டு இந்தக் கவசங்களைச் சோதித்த ஆய்வகங்களில் கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா முக்கியமானது. செயற்கை ரத்தத்தை அழுத்தம் கொடுத்துச் செலுத்துவார்கள். துணியிலோ தையலிலோ மறுபக்கம் கசிந்தால் கவசம் தேறாது.

அணிவதைவிடக் கழற்றுவதற்குத்தான் அதிக நிதானம் வேண்டும். வெளிப்புறம் உடம்பில் படாமல், உள்புறம் வெளியே வரும்படி தலையிலிருந்து கால்வரை மெல்லச் சுருட்டி இறக்க வேண்டும். இடையிடையே கை சுத்தம்.

உள்ளே வியர்வை ஆறாக ஓடும். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க முடியாது. முகமும் தெரியாததால் பலர் மார்பில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். மூச்சுக்குத் தவித்த நோயாளிக்கு, தன்னைக் கவனிப்பவர் யாரென்று அந்த எழுத்துகள் சொல்லின.