மார்கழி வாசல்

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில், தெருக்கோடியும் தெரியாதபடி பனி இறங்கியிருக்கும் மார்கழி விடியற்காலையில், வாசல் தெளிக்கும் நீரின் ஓசையும், அதைத் தொடர்ந்து தென்னந்துடைப்பம் சிமெண்டுத் தரையை நிதானமாக உரசும் ஓசையும் என் செவிக்கு அளிக்கும் ஆனந்தம் சாமானியமானதன்று. சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு எதிர்வீட்டு அக்காள் குனிகிறார். ஈரம் மிகுந்தால் மாவு திரண்டுவிடும், முற்றும் உலர்ந்தாலோ காற்று அதைக் கலைத்துவிடும் என்பதால், தரையைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பின்னரே முதற்புள்ளி விழுகிறது.

ஊடுபுள்ளி, பதினைந்தில் தொடங்கி எட்டு வரை. சொரசொரப்பான கல்மாவோடு சிறிது அரிசிமாவும் கலந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அவர் வழியவிடும் அந்த வெண்ணிழை, ஒவ்வொரு புள்ளியையும் பிரதட்சிணம் செய்வதுபோல் வளைந்து, தான் புறப்பட்ட இடத்தையே வந்தடையும் வரையில், நான் மூச்சையும் மெல்லவே விடுகிறேன். இரவில் கோல நோட்டைப் புரட்டி ஒன்றை நிச்சயித்திருந்தாலும், கை ஓடும்போது உதயமாகும் கற்பனைக்கு அவர் இடம் கொடுக்காமல் இருப்பதில்லை. இன்று ஓரத்தில் நோட்டில் இல்லாத ஒரு கொடி படர்ந்திருக்கிறது. நடுவில் சாண உருண்டை, அதன்மேல் பனி உலராத பரங்கிப்பூ. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தவர், ஆவி பறக்கும் தேநீரோடு படியில் அமர்ந்து, அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.