ஒட்டன்சத்திரம் செம்மண்: வகைப்பாடும் விமர்சனமும்

ஒட்டன்சத்திரம் செம்மண், திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பழனி மலைத்தொடருக்கு வடக்கே உள்ள சமவெளியில் பரவலாகக் காணப்படும் மண். இடையிடையே கரிசல் திட்டுகளும், ஓடைக்கரைகளில் வண்டலும் உண்டு. கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் தக்காளி, முருங்கை, கத்தரி, வெங்காயம் போன்றவற்றில் பெரும்பங்கு இதுபோன்ற நிலங்களில் விளைபவை. இந்த மண்ணைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் ‘செம்மண்’ அல்லது ‘செம்மண் கலந்த இருமண்பாடு’ என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றன. ஒரு வயலில் எது விளையும், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தேவை என்பதை அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. வகைப்பாடு எதற்காகச் செய்யப்படுகிறது என்ற கேள்வியை இந்த மண்ணைக் கொண்டு எழுப்பலாம்.

மண்ணின் தோற்றம்

இங்குள்ள மண் பெரும்பாலும் கீழே கிடக்கும் பாறை சிதைந்து உருவானது. நைஸ், சார்னோகைட் ஆகியவை இப்பகுதியின் முதன்மைப் பாறைகள். இவற்றுடன் அனார்த்தோசைட் என்ற அரிய பாறையும் இங்கு உள்ளது. புவியியல் ஆய்வுகளில் ‘ஒட்டன்சத்திரம் அனார்த்தோசைட்’ என்றே அது குறிப்பிடப்படுகிறது. அனார்த்தோசைட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் இருக்கும். நிலவின் மேட்டுநிலங்களில் காணப்படும் பாறையும் இந்த வகைதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட்டைப் பொடித்துத்தான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நிலவு மண்ணின் மாதிரியைத் தயாரித்தது.

சார்னோகைட், நைஸ் பாறைகளில் இரும்பு உள்ள கனிமங்கள் உண்டு. அனார்த்தோசைட்டில் இரும்பு குறைவு, கால்சியமும் அலுமினியமும் மிகுதி. எனவே சில கல் தொலைவுக்குள்ளேயே மண்ணின் மூலப்பொருள் மாறிவிடுகிறது. அதன்மேல் மழை குறைந்த பருவநிலையும் சேர்கிறது. மழை குறைவான இடத்தில் சுண்ணாம்பு முழுவதும் கரைந்து வெளியேறாது. அது கீழடுக்கில் படிந்து, உழவர்கள் ‘சுக்கான்’ என்று சொல்லும் கட்டிகளாகவும் படுகையாகவும் இறுகுகிறது.

வழக்கிலுள்ள வகைப்பாடுகள்

இப்பகுதியில் ஒரே வயலுக்கு நான்கு வகைப் பெயர்கள் இருக்க முடியும்.

முதலாவது உழவர் வழக்கு. செவல், கரிசல், சரளை, களர், உவர், பொட்டல் ஆகியவை இதில் வரும் சொற்கள். நிறத்தோடு உழவின் எளிமை, தண்ணீர் இறங்கும் வேகம், உப்பு ஆகியவற்றையும் இவை குறிக்கின்றன.

இரண்டாவது வருவாய்த் துறையின் வகைப்பாடு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் நடந்த ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில், நிலங்கள் கரிசல், செம்மண், மணல் எனவும், அவற்றுக்குள் களி, இருமண், மணல் எனவும் பிரிக்கப்பட்டுத் தரம் வழங்கப்பட்டன. கிராம நிர்வாகத்தின் அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’, ‘மண் தரம்’ என்ற பத்திகள் இன்றும் உள்ளன. தீர்வை நிர்ணயிப்பதே இதன் நோக்கம்.

மூன்றாவது அறிவியல் வகைப்பாடு. அமெரிக்க வேளாண் துறை 1975இல் வெளியிட்ட ‘சாயில் டேக்ஸானமி’ என்ற முறையே இந்திய மண் ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படுகிறது. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனமும் இதையே பின்பற்றுகிறது. இம்முறையில் மொத்தம் 12 வரிசைகள் உள்ளன. தமிழகச் செம்மண்கள் பெரும்பாலும் ஆல்ஃபிசால், இன்செப்டிசால், என்டிசால் ஆகிய மூன்றில் அடங்கும்.

நான்காவது மண்வள அட்டை. 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 12 அளவீடுகள் தரப்படுகின்றன: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது திட்டத்தின் அளவுகோல்.

இந்த நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இயங்குகின்றன. அ-பதிவேட்டின் தரம் உர அளவை மாற்றுவதில்லை. அறிவியல் பெயர் மண்வள அட்டையில் இடம்பெறுவதில்லை. உழவர் சொல் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

புல்வெளி மண்ணோடு ஓர் ஒப்பீடு

அறிவியல் வகைப்பாட்டின் வலிமையையும் குறையையும் அறிய, அது உருவான நாட்டின் மண் ஒன்றோடு ஒட்டன்சத்திரம் செம்மண்ணை ஒப்பிடலாம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 1990இல் தன் மாநில மண்ணாக அறிவித்த ஹௌடெக் மண் இதற்குப் பொருத்தமானது. பனியுகத்தில் பனிப்பாளங்கள் அரைத்துக் கொண்டுவந்து விட்டுச்சென்ற கலவைப் படிவின்மேல், புல்வெளியின் கீழ் உருவான இருமண்பாட்டு மண் அது. அதன் வகைப்பெயர் டிப்பிக் ஆர்ஜியுஸ்டால்.

இப்பெயரைப் பிரித்தால் அதன் பண்புகள் தெரியும். ‘ஆல்’ என்ற ஈறு மாலிசால் என்ற வரிசையைக் குறிக்கிறது. ‘உஸ்ட்’ என்றால் ஆண்டின் ஒரு பகுதியில் வறண்டு, பயிர்க்காலத்தில் ஓரளவு ஈரம் கொள்வது. ‘ஆர்ஜி’ என்றால் மேலடுக்கிலிருந்து களி இறங்கி அடிமண்ணில் சேர்ந்திருப்பது. தமிழகச் செம்மண்ணில் பரவலாகக் காணப்படும் ஒரு வகையின் பெயர் டிப்பிக் ஹேப்லுஸ்டால்ஃப். இதிலும் ‘உஸ்ட்’ உண்டு. ‘ஆல்ஃப்’ என்ற ஈறு ஆல்ஃபிசாலைக் குறிக்கிறது. ஆல்ஃபிசால் என்றாலே அடிமண்ணில் களி சேர்ந்தது என்று பொருள். ஆக, உலகின் இரு மூலைகளில் இருக்கும் இந்த இரண்டு மண்களும் பருவ வறட்சி, களி சேர்ந்த அடிமண், நடுத்தர நயம் ஆகிய மூன்றிலும் ஒத்துப்போக முடியும்.

வேறுபாடு மேலடுக்கில் இருக்கிறது. மாலிசால் என்று பெயர்பெற, கருமையான மேலடுக்கு வேண்டும். அதில் கரிமம் குறைந்தது 0.6 விழுக்காடு இருக்க வேண்டும், அந்த அடுக்கு பொதுவாக 25 செ.மீ. வரையாவது தொடர வேண்டும். புல்வேர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் மடிந்து சேர்த்த சேமிப்பு அது. ஹௌடெக்கின் ஆண்டுச் சராசரி மண் வெப்பம் 8 முதல் 15 பாகை செல்சியசுக்குள் இருப்பதால் அந்தச் சேமிப்பு மெதுவாகவே சிதைகிறது. திண்டுக்கல் சமவெளியில் அச்சராசரி 22 பாகைக்கு மேல், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறுபாடும் குறைவு. நுண்ணுயிர்கள் ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. இட்ட எரு விரைவில் கரைந்து போவது உழவர் அறிந்ததே. அதற்கான காரணத்தை வகைப்பாடு தன் வெப்பப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது.

தமிழகத்தில் மண் ஆய்வறிக்கைகள் 0.5 விழுக்காட்டுக்குக் கீழான கரிமத்தைக் ‘குறைவு’ என்றும், 0.75 வரை ‘நடுத்தரம்’ என்றும் மதிப்பிடுகின்றன. மாலிசாலுக்கான 0.6 என்ற வரம்பு இதில் நடுத்தரத்தில்தான் விழும். எண் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் கேள்வி வேறு. மண்வள அட்டை மேல்மண்ணை மட்டும் கேட்கிறது. அறிவியல் வகைப்பாடு அந்தக் கரிமம் எத்தனை ஆழம் வரை போகிறது என்று கேட்கிறது.

விமர்சனம்

நிறத்தை முதன்மையாக்குவது முதல் குறை. சிவப்புக்குக் காரணமான ஹேமடைட் சிறிதளவு இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். எனவே சிவப்பின் அழுத்தத்தைக் கொண்டு மண்ணின் வளத்தை மதிப்பிட முடியாது. செம்மண்ணில் சுண்ணாம்பு குறைவு என்று பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. ஆனால் தமிழகத்தில் சுண்ணாம்புச் செம்மண், சுண்ணாம்பற்ற செம்மண் என இரண்டும் உண்டு. முன்னதில் மணிச்சத்து பிணைந்துகொள்ளும், இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பது குறையும். சிவந்த மண்ணில் நிற்கும் செடி இரும்புப் பற்றாக்குறையால் வெளிறுவது முரணாகத் தோன்றினாலும், அடியில் சுக்கான் இருந்தால் அது இயல்பே.

சொற்குழப்பம் இரண்டாவது குறை. தமிழில் ‘வண்டல்’ என்பது ஆறு கொண்டுவந்த மண்ணையும் குறிக்கிறது, மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள் அளவையும் குறிக்கிறது. ‘களிமண்’ என்பதும் இவ்வாறே துகளையும் மண்ணையும் சேர்த்துக் குறிக்கிறது. லோம் என்பதற்கு இருமண்பாடு, இருபொறை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அச்சொல்லுக்கு அறிவியலில் திட்டமான வரம்பு உண்டு: களி 7 முதல் 27 விழுக்காடு, வண்டல் துகள் 28 முதல் 50 விழுக்காடு, மணல் 52 விழுக்காடு வரை. ‘நல்ல மண்’ என்ற பொருளிலேயே தமிழ்க் கட்டுரைகள் பலவும் இச்சொல்லைப் பயன்படுத்துவதால், மாணவர் ஒரு அளவைப் பாராட்டாகப் படித்துவிட்டுப் போகிறார்.

இதன் விளைவு நடைமுறையிலும் தெரிகிறது. 2017 முதல் தமிழக அரசு ஏரி, குளங்களிலிருந்து வண்டல் மண்ணை உழவர்கள் விலையின்றி எடுத்துக்கொள்ள அனுமதித்தது. குளத்து வண்டலில் களி மிகுதியாக இருந்தால், மணற்பாங்கான செவலில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடிமண்ணில் ஏற்கெனவே களி சேர்ந்த வயலில் அதே பயன் இராது. உவர்ப் படிந்த குளத்து மண் வயலுக்கு உப்பையும் கொண்டுவரும். இரு பக்க மண்ணின் வகையும் தெரியாமல் எத்தனை டிராக்டர் மண் அடிப்பது என்பதை முடிவுசெய்ய முடியாது.

மூன்றாவது குறை அறிவியல் வகைப்பாட்டையே சேர்ந்தது. 1990களின் இறுதியில் அம்முறை திருத்தப்பட்டபோது ட்ரோபெப்ட் என்ற பிரிவு நீக்கப்பட்டது. அதுவரை உஸ்ட்ரோபெப்ட் என்று தமிழக ஆய்வுகள் எழுதிவந்த மண்கள் ஹேப்லுஸ்டெப்ட் போன்ற புதிய பெயர்களுக்கு மாறின. மண்ணில் எந்த மாற்றமும் இல்லை. பழைய ஆய்வேட்டையும் புதிய வரைபடத்தையும் ஒப்பிடும் மாணவர், இரண்டு மண்கள் இருப்பதாக எண்ணக்கூடும். அறிவு வளரும்போது பெயர் மாறுவது தவறல்ல. பழைய பெயரையும் உடன் குறிப்பிடாமல் விடுவதுதான் தவறு.

நான்காவது குறையே மிகப் பெரியது. உழவருக்கு நேரடியாகச் சென்றுசேரும் மண்வள அட்டையில் ஆழம் இல்லை. மேல் 15 செ.மீ. மண்ணில் ஒரே அளவு சத்துகள் கொண்ட இரண்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 90 செ.மீ. வரை மண், மற்றொன்றில் 30 செ.மீ.க்குக் கீழே சுக்கான் படுகை. மணல் கலந்த இருமண்பாடு 10 செ.மீ. ஆழத்தில் தோராயமாக 10 மி.மீ. நீரைப் பயிருக்காகச் சேமிக்கும். அப்படியானால் முதல் வயலின் இருப்பு 90 மி.மீ., இரண்டாவதில் 30 மி.மீ. பயிர் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் எடுத்தால், கணக்கின்படி ஒன்று 18 நாள் தாங்கும், மற்றொன்று 6 நாள்தான். பயிர் வாடும் முன்பே பாய்ச்ச வேண்டும் என்பதால் நடைமுறையில் இந்நாட்கள் இன்னும் குறையும். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. இரு வயல்களுக்கும் ஒரே அட்டை, ஒரே உரப் பரிந்துரை. ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள வட்டாரத்தில் இந்த வேறுபாடு மின்மோட்டார் ஓடும் நேரமாகவும், தென்னை வைப்பதா வெங்காயம் நடுவதா என்ற முடிவாகவும் மாறுகிறது.

மதிப்பீடு

நான்கு வகைப்பாடுகளில் எதுவும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் தன் கேள்விக்கு விடை தருகிறது. வருவாய்த் துறை வரியைக் கேட்டது, ஆய்வுக்கூடம் உரத்தைக் கேட்டது, மண்ணியலாளர் தோற்றத்தைக் கேட்டார். உழவர் வழக்கு மட்டுமே உழைப்பையும் தண்ணீரையும் சேர்த்துக் கேட்டது. ஆனால் அதற்கு அளவு இல்லை, ஆவணமும் இல்லை.

அறிவியல் வகைப்பாட்டின் சிறப்பு, குழி வெட்டி அடுக்கடுக்காகப் பார்க்கச் சொல்வது. வேற்றுமொழிப் பெயர்களில் அந்தச் சிறப்பு மறைந்துவிடுகிறது. ஒட்டன்சத்திரம் போன்ற வட்டாரத்துக்கு ஹேப்லுஸ்டால்ஃப் என்ற பெயரைவிட, அப்பெயருக்குப் பின்னால் இருக்கும் பார்வையே பயன்படும். ஒரு மீட்டர் குழியில் நான்கு செய்திகளைப் பதியலாம்: மண்ணின் மொத்த ஆழம், சரளையின் அளவு, களி கூடும் இடம், சுக்கான் தொடங்கும் இடம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டு, நுரைத்தால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று அறியலாம். மண்வள அட்டையில் இந்த நான்கு வரிகள் சேர்ந்தால், ‘செம்மண்’ என்ற சொல் விட்டுவிட்ட பெரும்பகுதி அதில் வந்துவிடும். கிணறு வெட்டிய எந்த உழவரிடம் கேட்டாலும் இந்த நான்கில் மூன்றையாவது அவர் தன் வயலுக்குச் சொல்லிவிடுவார்.