முடிவை முதலில் சொல்லுங்கள்

படத்தின் முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பது விமர்சகர்களின் தர்மம். சிறப்புப் பள்ளி வகுப்பறைக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரிய உபாதை. கதை முழுக்கக் கைக்கு வந்த பிறகுதான் அவர்களால் நிம்மதியாகப் படம் பார்க்க முடியும். நமக்கும் இது புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து இன்றைக்கு என்ன கதை, யார் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். பாஞ்சாலியின் துகிலுரிப்பை ஆடும் 'பகடை துகில்' எப்படி முடியும் என்று தெரியாமல் யாரும் அங்கே விடியவிடிய உட்கார்ந்திருப்பதில்லை. புதுப் படம் போடும் ஆசிரியரின் முதல் வேலை கட்டியங்காரன் வேலை.

எந்தப் படம் போடலாம் என்று கேட்டால் 'ஃப்ளோ' என்பேன். லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கி 2024-இல் வந்த அனிமேஷன் படம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஆஸ்கர். விருதை விடுங்கள், நமக்கு முக்கியம் வேறு. படத்தில் ஒரு வரிகூட வசனம் கிடையாது. மனிதர்களும் கிடையாது. ஒரு கறுப்புப் பூனை, ஒரு நாய், ஒரு கேப்பிபாரா, ஒரு லெமூர், நீளக் கால்களோடு ஒரு செக்ரட்டரி பறவை. உலகமே வெள்ளத்தில் மூழ்க, எல்லாம் ஒரு பாய்மரப் படகில் ஏறிப் போகின்றன. பேச்சு வராத பிள்ளை, காது கேளாத பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில் சமமாக உட்காரக்கூடிய படங்கள் அபூர்வம். பார்வை இல்லாத பிள்ளை இருந்தால் மட்டும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து காதோரம் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை முழுதும் பாருங்கள், கையில் பேனாவோடு. எங்கே சத்தம் திடீரென்று ஏறுகிறது, எங்கே ஒளி பளிச்சிடுகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது விளையாட்டுக் காரியமில்லை. 2018-இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' வந்தபோது, அதில் விட்டுவிட்டுப் பளிச்சிடும் காட்சிகளுக்காக டிஸ்னியே எச்சரிக்கை கொடுக்க வேண்டிவந்தது. 'ஃப்ளோ'வில் எனக்குக் கவலை வெள்ளத்தைப் பற்றித்தான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மான் கூட்டம் தலைதெறிக்க ஓடும், பின்னாலேயே தண்ணீர் பாயும். சென்னையில் 2015 வெள்ளத்தையோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையோ வீட்டுக்குள் பார்த்த பிள்ளைக்கு அது கற்பனை இல்லை. "தண்ணி வரும், பூனை ஏறித் தப்பிச்சிடும், பூனைக்கு ஒண்ணும் ஆகாது" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பட அட்டைகள் வைத்து வரிசையாகச் சொன்னால் இன்னும் நல்லது: பூனை, தண்ணீர், படகு, நண்பர்கள், கரை. படம் ஓடும்போது அதே அட்டைகள் பலகையில் இருக்கட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போடும் வேலையை, உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.

அறையை இருட்டாக்காதீர்கள். அமெரிக்காவில் ஏஎம்சி திரையரங்குகள் 2007 முதல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று தனிக்காட்சிகள் நடத்துகின்றன. விளக்கு எரியும், சத்தம் குறைவாக இருக்கும், எழுந்து நடக்கலாம், பாடலாம், யாரும் 'உஷ்' சொல்லமாட்டார்கள். நம் வகுப்பறையில் இதற்குக் காசு செலவில்லை. பாய் ஒன்று, கதவோரம் ஒரு நாற்காலி, காது மூடி இரண்டு ஜோடி போதும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குத் திரை எந்த உயரத்தில் தெரிகிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் கழுத்து எந்தப் பக்கம் இயல்பாகத் திரும்புமோ, அந்தப் பக்கம் திரை இருக்கட்டும். ஏறத்தாழ 85 நிமிடப் படத்தை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டியதும் இல்லை. மூன்று நாளாகப் பிரித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

படம் ஓடும்போது நீங்கள் பார்க்க வேண்டிய திரைகள் இரண்டு. முதலாவதில் பூனை. அது நிஜப் பூனையைப் போலவே காதை மடக்கும், வாலைச் சுழற்றும், பயந்தால் முதுகை வளைக்கும். குரல்களும் நிஜ விலங்குகளுடையவை. கேப்பிபாராவின் சொந்தக் குரல் கீச்சென்று இருந்ததால் ஒட்டகக் குட்டியின் குரலைச் சேர்த்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அறை முழுக்க ஒட்டகமாகிவிடும். இரண்டாவது திரை உங்கள் பிள்ளைகள். ஒருவன் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். கவனிக்கவில்லை என்று திருப்பிவிடாதீர்கள். படம் அவன் காதுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். நேராகப் பார்ப்பது சிலருக்குச் சிரமம், கண்ணின் ஓரத்தால் பார்ப்பார்கள். ஒருத்தி இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். அது சலிப்பா சந்தோஷமா என்று அவளுடைய ஆயாம்மாவுக்குத் தெரியும், கேளுங்கள். சோகக் கட்டத்தில் ஒருவன் சிரித்தால், அடுத்து வரும் வேடிக்கை அவனுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

லெமூரை இந்த வகுப்பில் பார்ப்பது தனி சுகம். அது கண்ணாடி, பாட்டில், பளபளக்கும் சாமான்களைக் கூடையில் சேர்த்துக்கொண்டே இருக்கும். யாராவது தொட்டால் துடித்துப்போகும். மூடிகளையும் பேனா முனைகளையும் சட்டைப்பையில் சேர்க்கும் பையனுக்கு, திரையில் தன்னைப் போல ஒருவன். படகில் இருக்கும் யாரும் லெமூரைத் திருத்த முயல்வதில்லை என்பதைப் பெரியவர்களாகிய நாம்தான் கவனிக்க வேண்டும்.

"திரும்பப் போடுங்க" என்பார்கள். போடுங்கள். ஒரே துண்டைப் பலமுறை பார்ப்பதைக் கெட்ட பழக்கமாக நினைக்கிறோம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரான் சஸ்கிண்டின் மகன் ஓவன் மூன்று வயதுக்குள் பேச்சை இழந்தவர். டிஸ்னி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனங்களை மனப்பாடம் செய்து, அவற்றின் வழியாகவே குடும்பத்தோடு பேசத் தொடங்கினார். 'அலாவுதீன்' படத்துக் கிளியின் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, அதன் குரலில் அப்பா பேசிய பிறகுதான் உரையாடல் என்று ஒன்று பிறந்தது. 'லைஃப், அனிமேட்டட்' என்ற பெயரில் அவர்கள் கதை புத்தகமாகவும், 2016-இல் ஆவணப்படமாகவும் வந்திருக்கிறது.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றியே எடுத்த படங்களைக் காட்டலாமா? 1990-இல் வந்த 'அஞ்சலி' நம்மை அழவைத்த படம். அந்த அழுகை பிள்ளைகளுக்கு எதற்கு என்பது என் கட்சி. 2025-இன் 'சிதாரே ஜமீன் பர்' வேறு ஜாதி. 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த ஆர். எஸ். பிரசன்னாதான் இயக்குநர். கூடைப்பந்து அணியில் வரும் பத்துப் பேரும் நரம்பியல் வேறுபாடு கொண்டவர்களே. தமிழிலும் ஒலிமாற்றம் உண்டு. ஆமிர் கான் பேசும் நீளமான இடங்களை ஓட்டிவிட்டு, ஆட்டத்தைப் போடுங்கள்.

படம் முடிந்ததும் நீதி என்ன என்று கேட்காதீர்கள். படகில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று கேளுங்கள். விலங்குப் படங்களை நீட்டினால் பேச்சு வராத பிள்ளையும் விரல் வைக்கும். முக்கியமாக, 'ஃப்ளோ'வில் பெயர் வரிசை ஓடி முடியும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். வெள்ளம் வடிந்ததால் தரையில் சிக்கிக் கிடக்கும் ஒரு பெரிய திமிங்கலத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கலங்கியிருப்பார்கள். பெயர்களுக்குப் பிறகு கடலில் ஒரு திமிங்கலம் மேலே வந்து போகும். அதற்கு முன்பே அணைத்துவிட்டால், "மீன் செத்துப்போச்சா மிஸ்?" என்ற கேள்விக்கு மறுநாள் மணியடிக்கும்வரை பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.