அருகில் இருந்தவர் எழுதும் குற்ற நினைவுநூல்: டெட் பண்டியைப் பற்றிய இரு நூல்கள்

உண்மைக் குற்ற நூல்களைப் பெரும்பாலும் செய்தியாளர்களும் காவல்துறையினரும் வழக்கறிஞர்களும் எழுதுகின்றனர். குற்றவாளியோடு நட்பாகவோ உறவாகவோ வாழ்ந்தவர்கள் எழுதும் நினைவுநூல்கள் இவற்றுள் ஒரு தனி வகை. அமெரிக்கத் தொடர் கொலையாளி டெட் பண்டியைப் பற்றி அவ்வாறு இரு பெண்கள் எழுதியுள்ளனர். ஆன் ரூல் எழுதிய ‘தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ’ (என் அருகே ஓர் அந்நியன்) 1980இல் வெளிவந்தது. பண்டியின் காதலி, எலிசபெத் கெண்டல் என்னும் புனைபெயரில் எழுதிய ‘தி ஃபாண்டம் பிரின்ஸ்’ (மாய இளவரசன்) 1981இல் வெளிவந்தது. ஒரே மனிதனை இருவரும் எப்படிக் கண்டனர், எப்படிக் காணத் தவறினர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இந்நூல்கள் உதவுகின்றன.

பின்னணி

1974இல் வாஷிங்டன் மாநிலத்தில் இளம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போயினர். ஜூலை 14 அன்று சம்மாமிஷ் ஏரிப் பூங்காவில் ஒரே நாளில் இருவர் மறைந்தனர். கையில் கட்டுப் போட்டிருந்த ஓர் இளைஞன் தன் பெயர் டெட் என்று சொல்லி, படகை ஏற்ற உதவும்படி பெண்களைக் கேட்டதாகச் சாட்சிகள் கூறினர். பண்டி 1975 ஆகஸ்டில் யூட்டா மாநிலத்தில் கைதானான். 1977இல் கொலராடோவில் இருமுறை காவலிலிருந்து தப்பினான். 1978 ஜனவரியில் புளோரிடாவில் ஒரு மாணவியர் விடுதிக்குள் புகுந்து இருவரைக் கொன்றான். இவ்வழக்கில் 1979இல் மயாமி நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. 30 கொலைகளை ஒப்புக்கொண்ட பின், 1989 ஜனவரி 24 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஆன் ரூலின் நூல்

ஆன் ரூல் சியாட்டிலில் முன்பு காவல்துறையில் பணியாற்றியவர். பின்னர் புனைபெயரில் குற்றச் செய்திகள் எழுதி வந்தார். 1971இல் தற்கொலை எண்ணத்தோடு தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் மையமொன்றில் அவர் தொண்டாற்றினார். இரவுப் பணியில் அவரோடு அமர்ந்திருந்த மாணவன் பண்டி. அழைப்பவர்களிடம் பொறுமையாகப் பேசுவான். பணி முடிந்ததும் ரூலை அவருடைய கார் வரை கொண்டுவிட்டு, கவனமாகப் போகும்படி சொல்வான்.

வாஷிங்டன் கொலைகளைப் பற்றி நூல் எழுத ரூல் ஒப்பந்தம் செய்துகொண்டபோது கொலையாளி யார் என்று எவருக்கும் தெரியாது. சாட்சிகள் சொன்ன அடையாளங்களைக் கேட்டு ஐயுற்ற அவர், பண்டியின் பெயரைக் காவல்துறையிடம் தெரிவித்தார். ஆயினும் அவன் கைதான பிறகும் கடிதத் தொடர்பை விடவில்லை. மயாமி விசாரணையின்போதுதான் அவருடைய நம்பிக்கை முற்றிலும் முறிகிறது.

இந்தத் தயக்கத்தை மறைக்காமல் எழுதியதே நூலின் பலம். ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று சொல்லிக்கொள்வது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ பண்டியின் நற்குணங்களாகத் தாம் அன்று கண்டவற்றை அன்று கண்டபடியே பதிவுசெய்கிறார். நூலின் சிக்கலும் இங்கேயே இருக்கிறது. தோழி என்ற நிலையில் அவர் பெற்ற கடிதங்களே எழுத்தாளர் என்ற நிலையில் அவருக்கு நூற்பொருளாயின. இந்த இரட்டை நிலையை ரூல் உணர்ந்திருக்கிறார். அதைத் தீர்த்துவிட்டதாகச் சொல்லவில்லை.

எலிசபெத் கெண்டலின் நூல்

கெண்டல் 1969இல் சியாட்டிலில் பண்டியைச் சந்தித்தபோது மணமுறிவு பெற்றவர்; சிறு பெண்குழந்தையின் தாய். பண்டி அக்குழந்தையிடமும் பாசமாகப் பழகினான். 1974இல் அவனுடைய பொருள்களிடையே ஊன்றுகோலும் கட்டுப் போடும் சுண்ண மாவும் இருந்ததை நினைத்துப் பார்த்த அவர், செய்தித்தாள் தரும் அடையாளங்களோடு அவற்றைப் பொருத்திப் பார்த்து அஞ்சினார். வாஷிங்டன் காவல்துறைக்கும் பின்னர் யூட்டா காவல்துறைக்கும் தகவல் தந்தார். விசாரணையாளர்களிடம் ஆயிரக்கணக்கான பெயர்கள் குவிந்திருந்தன. சட்டம் படிக்கும், குற்றப் பின்னணி இல்லாத இளைஞன் அவர்கள் கண்ணை உறுத்தவில்லை.

காட்டிக்கொடுத்த பிறகும் கெண்டல் அவனை நேசித்தார். தகவல் தந்ததற்காகத் தம்மையே குற்றவாளியாக எண்ணினார். இந்தப் பிளவுபட்ட மனம்தான் நூலின் உண்மையான பொருள். வெளியிலிருந்து பார்ப்பவர் ‘ஏன் விலகவில்லை?’ என்று எளிதாகக் கேட்டுவிடலாம். ஐயம் ஒரு நாளில் அறிவாக மாறுவதில்லை என்பதை இந்நூல் பொறுமையாகக் காட்டுகிறது.

1978இல் மீண்டும் பிடிபட்ட பண்டி, தொலைபேசியில் கெண்டலிடம் ஓரளவு மனம் திறந்தான். ஒருமுறை கணப்படுப்பின் புகைவழியை அடைத்து அவரைக் கொல்ல முயன்றதாகவும் சொன்னான். புகையில் கண் எரிய விழித்தெழுந்த ஓர் இரவு அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் சாதாரண நினைவாகக் கிடந்த இரவு, ஒரே வாக்கியத்தால் கொலை முயற்சியாக மாறிவிடுகிறது. வேறெந்த வகை நூலும் இதைத் தர இயலாது.

நீண்ட காலம் அச்சில் இல்லாதிருந்த இந்நூல், 2020இல் மகள் மாலி எழுதிய அத்தியாயத்துடன் மறுபதிப்பானது. வீட்டிலிருந்த குழந்தையின் குரல் இங்கே முதன்முறையாக ஒலிக்கிறது. தாயின் பார்வையில் பாசமாகத் தெரிந்த சில, மகளின் பார்வையில் அச்சமூட்டுவனவாக மாறுகின்றன. ஒரே வீட்டின் நினைவுகூட ஒன்றாக இருப்பதில்லை.

மதிப்பீடு

இவ்வகை நூல்களுக்கு இரண்டு குறைகள் இயல்பாகவே உண்டு. முதலாவது, முடிவு தெரிந்தபின் எழுதப்படுவதால் பழைய நிகழ்ச்சிகள் யாவும் முன்னறிகுறிகளாகத் தோன்றத் தொடங்கும். ரூல் பெரும்பாலும் இதிலிருந்து தப்புகிறார். கெண்டல் சில இடங்களில் சறுக்குகிறார். இரண்டாவது, கொலையாளிக்கு முகமும் குரலும் நகைச்சுவையும் கிடைக்கின்றன. கொல்லப்பட்டவர்கள் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிடுகின்றனர். ரூல் அப்பெண்களின் படிப்பையும் குடும்பத்தையும் விரித்து எழுதி இதை ஓரளவு ஈடுசெய்கிறார். கெண்டலின் நூல் தன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. காதலியின் நினைவு என்ற எல்லைக்குள் அது பொருந்தினாலும், அந்நூலை மட்டும் படிப்பவருக்கு இழப்பின் முழு அளவு தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே வாசிப்பது நல்லது.

தீயவனைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. முன்னாள் காவலர் ஒருவருக்கும் உடன் வாழ்ந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. இருவரும் தம் ஐயத்தை மட்டுமே நம்பி, தயக்கத்தோடு ஒரு பெயரைச் சொன்னார்கள். உறுதி கிடைக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மாணவர்கள் இந்நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுவே: ஆபத்தை முன்கூட்டியே அறியும் திறமை எவருக்கும் வாய்க்காமல் போகலாம், நேசிக்கும் ஒருவரைப் பற்றிய ஐயத்தையும் வாய்விட்டுச் சொல்லும் துணிவு பழகிக்கொள்ளக் கூடியது.