கண்ணகி சினமும் மலாய் ‘அமோக்’கும்

நம் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை சிலம்பு பற்றிப் பேசினேன். மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர், “ஐயா, கண்ணகி மதுரையை எரிச்சதும் அமோக் தானே?” என்று கேட்டார். வெதுருகுப்பத்தில் கடையைத் திறந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அமோக் மலாய்ச் சொல். அவமானமோ இழப்போ பட்டு ஒடுங்கிக் கிடந்தவன் திடீரென ஆயுதத்தோடு கிளம்பி, எதிர்ப்பட்டவரை எல்லாம் வெட்டுவான். பிழைத்தால், ஒன்றும் நினைவில்லை என்பான். சிங்கப்பூர் மனநோய் விடுதியை நடத்திய எல்லிஸ் 1893இல் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 1994இல் பண்பாடு சார்ந்த நோய்களில் இதைச் சேர்த்தது. 2013 பதிப்பின் பட்டியலில் இது இல்லை.

இழப்பும் சினமும் கண்ணகிக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவள் அவைக்குப் போய் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டினாள். தீக்கடவுளிடமும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள். அமோக் பிடித்தவனுக்கு இந்தக் கணக்கு ஏது? தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில், விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன் பாண்டியன் அல்லவா!

நாடுகாண் காதையில் எங்கள் சமணத் துறவி கவுந்தியடிகளே, கண்ணகியை ஏளனம் பேசிய இருவரை நரிகளாகச் சபிக்கிறார். (எங்களவர் இந்த இடத்தை மெல்லத் தாண்டிவிடுவார்கள்.) அவர்களுக்காக இரங்கிச் சாபநீக்கம் கேட்டவர்களில் கண்ணகியும் ஒருத்தி. அவளை நோயாளியாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊர் எரிந்தது நியாயமா என்பது வேறு கேள்வி. சமணனாகிய எனக்கு அது இன்னும் உறுத்தத்தான் செய்கிறது.