மந்திரம் பாட்டாகும்போது

தேவா பிரேமல் என்ற ஜெர்மானியப் பாடகி 1998-இல் ‘தி எசென்ஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதிலிருந்த காயத்ரி மந்திரம்தான் அவரை உலகெங்கும் உள்ள யோகா கூடங்களுக்குக் கொண்டுசேர்த்தது. இதமான மெட்டு, நல்ல குரல். ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் வரும் அந்த மந்திரத்துக்குரிய ஸ்வர ஏற்ற இறக்கம் மட்டும் அதில் இல்லை. அமெரிக்காவில் கிருஷ்ண தாஸ், ஜெய் உத்தல் போன்ற பாடகர்கள் கீர்த்தனத்தை மேடைக்கலையாகவே வளர்த்தார்கள். கிருஷ்ண தாஸின் ‘லைவ் ஆனந்தா’ 2013-இல் கிராமி விருதின் பரிந்துரைப் பட்டியல்வரை போனது. ஆசனம், பிராணாயாமம் என்ற வரிசையில் இன்று மந்திரம் பாடுதலும் ஒரு பயிற்சியாக நிற்கிறது. நம் ஊர்களிலும் கட்டணம் கட்டி அதற்கான வகுப்புகளில் சேரலாம்.

இந்த வகுப்புகளில் சொல்லப்படுவதைத் திரட்டினால் நான்கு கூற்றுகள் தேறும். இது தொன்மையான யோக முறை. சமஸ்கிருத ஒலிக்கென்றே தனி அதிர்வு உண்டு. பொருள் தெரிய வேண்டியதில்லை. உச்சரிப்புப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். நான்குக்கும் மரபில் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஆதாரம் காட்டிவிடலாம். ஆனால் ஒரு கூற்றுக்குச் சாட்சி சொல்லும் மரபு அடுத்த கூற்றை ஒப்புக்கொள்ளாது.

யோக நூல்களிலிருந்து தொடங்கலாம். பதஞ்சலி, யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் ஈசுவரனைக் குறிக்கும் ஒலியாகப் பிரணவத்தை, அதாவது ஓம் என்பதை, சொல்கிறார். அதை ஜபிப்பதையும் அதன் பொருளை மனத்தில் நிறுத்துவதையும் சேர்த்தே விதிக்கிறார். இரண்டாம் பாதத்தில் கிரியா யோகத்தின் அங்கமாக ஸ்வாத்யாயம் வருகிறது. பிரணவம் முதலியவற்றின் ஜபமும் மோட்ச நூல்களைப் பயில்வதும் அதில் அடங்கும் என்கிறது அந்நூலின் உரையான வியாச பாஷ்யம். கூடிப் பாடுவது பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பொருள் வேண்டாம் என்பவர்கள் பதஞ்சலியைத் துணைக்கு அழைக்க முடியாது. ‘நாத யோகம்’ என்று ஹடயோகப் பிரதீபிகையைக் காட்டுகிறவர்கள் அதன் நான்காம் அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அங்கே சொல்லியிருப்பது, காதை அடைத்துக்கொண்டு உள்ளே எழும் ஒலியைக் கவனிக்கும் பயிற்சி. வாய்விட்டுப் பாடுவதற்கு அதில் வேலையே இல்லை.

கீர்த்தனத்துக்கு உரிய இடம் பக்தி. பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் பிரகலாதன் அடுக்கும் ஒன்பது பக்தி வழிகளில் கீர்த்தனம் இரண்டாவது. ஆகவே பாடுவது யோகம்தான், பக்தி யோகம். இதைச் சொல்லத்தான் பல கூடங்கள் கூச்சப்படுகின்றன. பக்தி என்றால் மத வாடை அடிக்கிறது, அதிர்வு என்றால் அறிவியல்போலக் காதில் விழுகிறது.

இனி அந்த அதிர்வு. ஒலியே வலிமை என்று உண்மையாகவே நம்பி, அதற்காக வாழ்நாளைக் கொடுத்தவர்கள் வேத அத்யயனம் செய்தவர்கள். உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்று எழுத்துக்கு எழுத்து ஏற்ற இறக்கம் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறை, ஒரு மாத்திரைகூடப் பிசகாமல் இருக்க வந்தது. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்துச் சொல்வதும் பிழை நுழையாமலிருக்கக் கட்டிய வேலிதான். யுனெஸ்கோ 2003-இல் வேத ஓதலை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது இந்தக் கட்டுமானத்தை மதித்துத்தான். பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மரபே ஒரு கதை வைத்திருக்கிறது. மகனை இந்திரனிடம் பறிகொடுத்த துவஷ்டா, இந்திரனைக் கொல்லும் ஒருவன் பிறக்க வேண்டுமென்று வேள்வி செய்கிறான். மந்திரத்தில் ஸ்வரம் ஓரிடத்தில் மாறிவிடுகிறது. ‘இந்திரனைக் கொல்பவன்’ என்பது ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்றாகிவிட, பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மடிகிறான். ஒலியின் வலிமையை ஏற்றால் இந்தக் கண்டிப்பையும் ஏற்க வேண்டும். அதிர்வைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, ‘எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லுங்கள்’ என்று முடிக்கும் ஆசிரியர் தன் பேச்சைத் தானே வெட்டிவிடுகிறார்.

மந்திரத்துக்குப் பொருளே இல்லை என்ற வாதம் யோகா கூடங்களில் பிறந்ததல்ல. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் யாஸ்கரின் நிருக்தத்திலேயே கௌத்ஸர் என்பவர் அப்படி வாதாடுகிறார், யாஸ்கர் மறுக்கிறார். நம் காலத்தில் டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால், 1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அக்னிசயன வேள்வியைப் பதிவுசெய்தவர், சடங்கும் மந்திரமும் விதிகளால் ஆனவை, பொருளால் ஆனவை அல்ல என்று 1989-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் பொருளைக் கைவிட்ட ஸ்டாலும் விதியைக் கைவிடவில்லை. இரண்டையும் கைவிட்ட பிறகு மிஞ்சுவது மெட்டு மட்டுமே.

பிழை பொறுக்கும் மரபு ஒன்று உண்டு, அதுவும் நம் காவிரிக்கரையில் ஆழ வேரூன்றியது. கும்பகோணத்துக்கு அருகே கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் கொண்ட போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், பின்வந்த மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோர் வளர்த்த நாம சித்தாந்தம் அது. இறைவனின் நாமத்தைச் சொல்லக் காலம், இடம், குலம் எதுவும் தடையில்லை என்பது அதன் நிலை. சாகும் தறுவாயில் மகனை ‘நாராயணா’ என்று கூப்பிட்ட அஜாமிளன் கரையேறிய பாகவதக் கதை அதற்குப் பிடித்தமான சான்று. தோடய மங்களம், திவ்யநாமம், உஞ்சவிருத்தி என்று அதன் பஜனைக்கும் ஒழுங்கு உண்டு. பாகவதர் ஓர் அடி பாட, கோஷ்டி வாங்கிப் பாடும். கிருஷ்ண தாஸ் மேடையில் நடப்பதும் சாரத்தில் இதுவே. அவர் கையிலிருக்கும் ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1940 முதல் மூன்று பதிற்றாண்டு அகில இந்திய வானொலியே அதை விலக்கி வைத்திருந்தது என்பதெல்லாம் நாம மரபுக்கு ஒரு பொருட்டாகாது.

அந்த மரபின் வலிமை ஒலியில் இல்லை, அழைக்கப்படுகிறவனிடம் இருக்கிறது. மொழிக்கும் அதில் தனிச் சலுகை கிடையாது. கீர்த்தன மேடைகளில் உருகிப் பாடப்படும் அனுமன் சாலீசா துளசிதாசரின் அவதி மொழிப் பாடல். யோகி பஜன் பரப்பிய குண்டலினி யோகா வகுப்புகளின் மந்திரங்களில் பெரும்பகுதி குருமுகியில் எழுதப்படும் சீக்கிய மரபுச் சொற்கள். இவற்றையெல்லாம் ‘சமஸ்கிருத அதிர்வு’ என்ற ஒரே பெயரில் விற்பது அறியாமை, அல்லது அலட்சியம்.

அறிவியல் சான்று என்று வரும்போது அடிக்கடி காட்டப்படுவது, இத்தாலியில் பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமான 23 பேர் ‘ஓம் மணி பத்மே ஓம்’ சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தம் மாறும்போது இதயத் துடிப்பு ஈடுகொடுக்கும் திறன் மேம்பட்டது. இதுவரை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் அதே ஆட்கள் லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் அதே விளைவு கிடைத்தது என்பதை விட்டுவிடுவார்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி பிடிக்கும் எந்தச் சொற்றொடரும் மூச்சை அப்படி நீட்டும். தேவாரத்தை ஓதுவார் ஒருவர் பண்ணோடு பாடினாலும் நீளும் என்றே எதிர்பார்க்கலாம். ஆக அந்தச் சான்று மூச்சுக்குச் சாதகமானது, சமஸ்கிருதத்தின் தனியுரிமைக்கு எதிரானது. 23 பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

நவீன முறைகளில் எனக்கு மதிப்புள்ளது யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், அவர் மகன் தேசிகாச்சார் வழி. 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற நிறுவனத்தில் வேத ஓதல் ஸ்வரத்தோடு, சந்தை முறையில், பெண்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கற்பிக்கப்படுகிறது. ஆசனத்தில் வெளிமூச்சோடு ஒலியைச் சேர்க்கும் உத்தியும் அந்த வழியில் உண்டு. ஒலியால் மூச்சை அளப்பது என்று அதன் நோக்கம் வெளிப்படையானது. ஸ்வரக் கண்டிப்பைப் பேசினால் அது பழைய சாதி வேலிக்குத் திரும்புவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெண்களையும் பெரும்பாலான சாதியினரையும் வெளியே நிறுத்தித்தான் அந்தக் கண்டிப்பு காக்கப்பட்டது. ஆளை விலக்காமலே ஸ்வரத்தைக் காக்க முடியும் என்பதற்கு இந்தச் சென்னை உதாரணம் போதும்.

என் தீர்ப்பு இதுதான். நாமம் பாடும் கீர்த்தனம் முழுமையான யோகப் பயிற்சி. அதற்கு உச்சரிப்புத் தேர்வும் வேண்டாம், ஆய்வுக்கூடச் சான்றிதழும் வேண்டாம். மூச்சுக்காக மந்திரம் சொல்வதும் நல்ல பயிற்சிதான், மூச்சுக்காக என்று சொல்லிச் செய்தால். வேத மந்திரத்தை ஸ்வரம் நீக்கி மெட்டமைத்துப் பாடுவதை இசை என்று ரசிக்கலாம், ஒலியின் ஆற்றல் என்று கட்டணம் வாங்குவதை ஏற்க முடியாது. மந்திர வகுப்பில் சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் ஆசிரியரிடம் கேளுங்கள்: பலன் ஒலியிலா, பொருளிலா, மூச்சிலா, பக்தியிலா? ஒலியில்தான் என்றால், ஸ்வரத்தை யாரிடம், எத்தனை காலம் கற்றீர்கள் என்றும் கேளுங்கள்.