படகில் உட்கார்ந்து படித்தவன்

ஜோசப் கான்ராட் எழுதிய 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்ற குறுநாவலை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். மூன்று தடவையும் அது உயர்ந்த கலைப்படைப்பு என்றே எனக்குத் தோன்றியது. நண்பர்களை வற்புறுத்திப் படிக்க வைத்ததும் உண்டு. அதில் உள்ள ஒரு பெரிய குறையை வேறொருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் கண்டுகொண்டேன்.

கான்ராட் 1890-ல் காங்கோவுக்குப் போய் நீராவிப் படகில் வேலை பார்த்தவர். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு அந்தப் பிரதேசம் முழுவதையும் தம் சொந்தச் சொத்தாக வைத்துச் சுரண்டிய காலம் அது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை 1899-ல் ஒரு பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. தந்தத்துக்காக வெள்ளையர் செய்த அக்கிரமத்தையும், மரநிழலில் ஒதுங்கிச் சாகிற கறுப்புக் கூலிகளையும் அவர் காட்டியிருப்பதைப் படித்தால் நெஞ்சு பதறும். எழுதியவர் மனிதாபிமானி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

1975-ல் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஒரு சொற்பொழிவு செய்தார். கான்ராட் ஒரு நிறவெறியர் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்த உரையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே புத்தகத்தை நாலாவது தடவை கையில் எடுத்தேன்.

படகின் சுக்கானைப் பிடிக்கும் கறுப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும் மார்லோவோடு பல மாதங்கள் கூடவே இருந்தவன். அவனுக்குப் பெயர் கிடையாது. கரையிலிருந்து வந்த ஈட்டி பாய்ந்து மார்லோவின் காலடியில் விழுகிறான். ஏதோ கேட்கப்போகிறவன்போல் பார்க்கிறான், கேட்காமலே செத்துப்போகிறான். மார்லோ வருந்தத்தான் செய்கிறான். ஆனால் அது நல்ல கருவியொன்றைப் பறிகொடுத்தவனின் வருத்தம். கதை முழுவதிலும் ஆப்பிரிக்கர் நமக்குப் புரியும்படி பேசுவது இரண்டே இடத்தில். ஓரிடத்தில் ஒருவன் தின்ன மனித மாமிசம் கேட்கிறான். மற்றதில் ஒரு வேலைக்காரப் பையன் குர்ட்ஸ் செத்த செய்தியை அறிவிக்கிறான். அந்தக் கொள்ளைக்கார குர்ட்ஸின் ஆத்மாவை ஆராயவோ, பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது!

இது துவேஷம் அல்ல. துவேஷமாக இருந்தால் முதல் தடவையிலேயே கண்டுபிடித்திருப்பேன். அடிக்கிறவனைப் பார்த்துக் கொதிக்கிற ஒருவருக்கு, அடிபடுகிறவனிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும் என்று தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

பேசுகிறவன் மார்லோதானே, கான்ராட் அல்லவே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் மார்லோவின் பார்வை குறுகியது என்று நாம் உணர, ஆசிரியர் வேறு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? அச்செபேயின் ஆட்சேபமும் இதுதான்.

அந்த ஜன்னலை அவரே திறந்தார். 1958-ல் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் முழுவதிலும் ஒகோன்க்வோ என்ற இக்போ மனிதனின் வாழ்வையும் வீழ்ச்சியையும் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் வெள்ளைக்கார ஜில்லா கமிஷனரை நிறுத்துகிறார். தாம் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஒரு பாரா ஒதுக்கலாம் என்று கமிஷனர் யோசிக்கிறார். அதுவரை அந்த மனிதனோடு வாழ்ந்துவிட்ட வாசகனுக்கு அந்த ஒரு பாரா சுருக்கென்று தைக்கிறது.

எனக்கும் தைத்தது. நானும் கறுப்புத்தான். இருந்தும் மூன்று தடவையும் வெள்ளைக்காரனின் படகில் உட்கார்ந்துகொண்டுதான் கரையைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்து என் முதல் நாவலைப் புரட்டினேன். கதாநாயகியை 'கறுப்பானாலும் லட்சணமானவள்' என்று அறிமுகப்படுத்தியிருக்கிறேன். அந்த 'ஆனாலும்' எங்கிருந்து வந்தது? யோசித்து எழுதியதல்ல; பேனா தானாக எழுதியது. அச்சுக் கோத்தவருக்கும் அது உறுத்தவில்லை, படித்துப் பாராட்டிக் கடிதம் போட்ட வாசகர்களுக்கும் உறுத்தவில்லை.

கான்ராட்டைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவரைப் படியுங்கள், அச்செபேயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் நாவலின் அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். அதைப் போல இன்னும் எத்தனை உள்ளனவோ, என் கண்ணுக்குப் படவில்லை. உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள்.